காது இரைச்சலுக்கு "90 நாள் பேக்கேஜ்" எடுக்கப் போறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

கோயமுத்தூர், திருப்பூர் பக்கம் இருக்கறவங்க கண்டிப்பா படிங்க, மத்த ஊர்க்காரங்களும் படிக்கலாம், ஏன்னா இதே ஆளுங்க ஈரோடு, சேலத்துலயும் கேம்ப் போடறதா விளம்பரம் ஓடிட்டு இருக்கு. காதுக்குள்ள சத்தம் கேக்குது, ராத்திரி தூக்கம் வரல, "நிரந்தரத் தீர்வு"ன்னு போன்ல வர்ற வீடியோ எல்லாம் பாத்துட்டு இருக்கீங்கன்னா கொஞ்சம் பொறுங்க. அதுலயும் ஒரு ஹெட்போனை மாட்டி விட்டு அதைக் கழட்டின கையோட பில்லு போட்டாங்கன்னா கட்டவே கட்டாதீங்க. ஏன்னு சொல்றேன், பெருசாத்தான் போகும்.

நம்மளுக்கு சோமனூர் பக்கம், அப்பா காலத்துல இருந்து விசைத்தறிதான். தறி குடோன்ல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், எல்லாத் தறியும் ஒண்ணா ஓடுனா 90 டெசிபல் எல்லாம் சர்வ சாதாரணமா தாண்டும், பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது, வாயசைவ வச்சுத்தான் புரிஞ்சுக்கறது. காதுல பஞ்சு வைக்கறவனைப் பாத்தா நாங்க எல்லாரும் கிண்டல் பண்ணுவோம், அப்படித்தான் அங்க பழக்கம். அந்த மாதிரி வருஷக்கணக்கா நின்னதுக்கு ரெண்டு காதுலயும் சில்வண்டு கத்தற மாதிரி கீய்ய்ய்னு ஒரே சத்தம், பகல்ல அவ்வளவா தெரியாது, லைட்ட நிறுத்திட்டுப் படுத்தா ஆரம்பிச்சிரும். டாக்டருங்க டின்னிடஸ்னு எழுதுவாங்க.

பேஸ்புக்ல ஒரு விளம்பரம், "காது இரைச்சல், காது கேளாமை, 90 நாளில் வேரோடு குணம்". பேரும் நம்பரும் போட்டு விட்டா போதும், டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள போன் வருது. ஒரு பொண்ணு, ரொம்ப மரியாதையா, "எத்தன வருஷமா இருக்குங்கண்ணா? அய்யோ, இப்படியே விட்டீங்கன்னா காது மொத்தமா அடைச்சுக்கும்ங்கண்ணா, அப்புறம் மூளை நரம்புக்குப் போயிரும்"னு ஆரம்பிக்குது. இதுவே பொய்யிங்க. இந்த சத்தத்தால காது செவிடாகறது இல்ல, பெரும்பாலும் காது கொஞ்சம் கெட்டுப் போனதாலதான் இந்த சத்தமே வருது. ஆனா ராத்திரி தூங்காம கெடக்கறவன்கிட்ட இப்படிச் சொன்னா அவன் மறுநாளே வந்து நிப்பான், அது அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

கிளினிக் ஒரு நகைக்கடன் ஆபீசுக்கு மேல ரெண்டாவது மாடி. பேரு போட மாட்டேன், கேஸ் குடுத்திருக்கேன், வக்கீல் வேண்டாம்னுட்டார். வெள்ளை கோட்டு போட்டவர் கதவுல "டாக்டர்"னு பலகை, கீழ ஏதோ நாலு எழுத்துப் பட்டம், பதிவு எண் எங்கயும் இல்ல. டாக்டரா இருந்தா மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் இருக்கணும், காது டெஸ்ட் எடுக்கற ஆடியாலஜிஸ்டா இருந்தா இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கணும், ரெண்டுமே நெட்ல போட்டுப் பாத்துக்கலாம். நான் அப்புறமா போட்டுப் பாத்தேன், ரெண்டுலயும் ஆளே இல்ல.

முதல்ல காதுக்குள்ள குச்சிப் பஞ்சு விட்டு நல்லாத் துடைச்சு, ஏதோ பழுப்புக் கலர் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, அதையும் உறிஞ்சி எடுத்துட்டு, அதுக்கப்புறம்தான் கேமரா விட்டாங்க. இந்த வரிசையை ஞாபகம் வச்சுக்கங்க. சுவத்து டிவில காதுக்குள்ள பளபளன்னு ஒரு தோலு, நடுவுல மேல இருந்து கீழ சிவப்பா ஒரு கோடு. "அந்தச் சிவப்பு தெரியுதுங்களா, அதான் நரம்பு வீக்கம்." வீட்டுக்காரி பயந்துட்டா. பின்னாடி உண்மையான ஈஎன்டி டாக்டர்கிட்ட அந்தப் படத்தைக் காட்டுனப்ப அவர் சிரிச்சுட்டார். அது செவிப்பறையாம், அதுக்குப் பின்னால ஒட்டிட்டு இருக்கற சுத்தி எலும்போட காம்பு மேல ஓடற ரத்தக்குழாய்தான் அந்தக் கோடு, எல்லாருக்கும் இருக்கும், காதை நோண்டுனா அது சிவந்து தடிச்சுத் தெரியும். கேக்கற நரம்பு எலும்புக்குள்ள ரொம்ப ஆழத்துல இருக்கு, காது ஓட்டை வழியா எந்தக் கேமராவுலயும் அது தெரியாது. கடைசி செஷன்ல துடைக்காம, எண்ணெய் விடாம படம் எடுத்து "பாருங்க வீக்கம் வத்திருச்சு"ன்னு வேற காட்டுனாங்க.

இப்ப ஹெட்போன் கதை, இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். ஏசி ரூம், சத்தமே இல்ல, உள்ள உக்கார வச்சு "இப்ப இரைச்சல் பத்துக்கு எத்தனை மார்க்"னு கேட்டாங்க. அவ்வளவு அமைதியான ரூம்ல நம்ம சத்தம் பெருசாத்தான் கேக்கும், ஒம்பதுன்னு சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. ஹெட்போன் மாட்டி உஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் கொஞ்ச நேரம் ஓட விட்டாங்க, "சிக்னல் தெரபி"யாம். கழட்டுனா காதுக்குள்ள ஒண்ணுமே இல்லைங்க. சுத்தமா நிசப்தம். அத்தனை நாள் கழிச்சு அப்படி ஒரு அமைதி கிடைச்சா எப்படி இருக்கும்னு இது இருக்கறவங்களுக்குத்தான் தெரியும், எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அந்த நிமிஷத்துலயே, கவனிங்க, அந்த நிமிஷத்துலயே பாரத்தை நீட்டறாங்க. "பேக்கேஜ் 46,000, இன்னைக்கே சேந்தா 38,000, ஈஎம்ஐ கூட போட்டுக்கலாம்ங்கண்ணா." வீட்டுக்காரி "ஏனுங்க, ஜிஹெச்ல ஒரு எட்டு காட்டிட்டு வந்து கட்டலாம்ங்க"ன்னா. "அக்கா, அங்க போனா வெறும் மாத்திரையக் குடுத்து அனுப்பிருவாங்க, அண்ணனே சொல்லட்டும் இப்ப சத்தம் இருக்கான்னு"ன்னு என் பக்கம் திரும்பறாங்க. ஓடிபி சொல்லி முடிச்சு லிப்டுக்கு நடந்து வரும்போதே கீய்ய்ய் திரும்ப வந்துருச்சு. கேட்டா "அது அப்படித்தான், 90 நாள்ல நிலைச்சு நின்னுரும்"னாங்க.

இது அவங்க வைத்தியமே இல்லைங்க. நம்ம இரைச்சலை அமுக்கற அளவுக்கு ஒரு சத்தத்தை கொஞ்ச நேரம் கேக்க வச்சு நிறுத்துனா, பெரும்பாலானவங்களுக்கு காது இரைச்சல் தற்காலிகமா அடங்கும், சில பேருக்கு சில நொடி, சில பேருக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம். ஆங்கிலத்துல ரெசிடுவல் இன்ஹிபிஷன்னு பேரு, ஆடியாலஜி படிச்ச யாருக்கும் தெரிஞ்ச சங்கதி, 1970கள்ல இருந்தே எழுதி வச்சிருக்காங்க. போன்ல மழைச் சத்தம் ஆப் போட்டு ஹெட்போன்ல கேட்டாக் கூட சில பேருக்கு இது நடக்கும், காசே வேண்டாம். அடங்கறது நிஜம்தான், அதனாலதான் நம்பறோம். ஆனா அது நோய் குறையறதுக்கு அறிகுறியே கிடையாது.

ஒவ்வொரு செஷன்லயும் காதுல சிவப்பு லைட் வைப்பாங்க, லேசராம், காது இரைச்சலுக்கு அது வேலை செய்யுதுன்னு இதுவரைக்கும் உறுதியா யாரும் காட்டல. ஒரு டப்பா கேப்சூல், உள்ள என்ன இருக்குன்னு லேபிளே இல்ல. முடிவுல ஹெட்போன், கழட்டின உடனே "பத்துக்கு எத்தனை", நம்ம சொல்ற நம்பரை எழுதி கையெழுத்து வாங்கிக்குவாங்க. எனக்கு அப்ப அது சும்மா பார்மாலிட்டின்னு தோணுச்சு. ஒண்ணும் குறையலன்னு பணத்தைத் திருப்பிக் கேட்டப்பத்தான் அந்த பைலைத் திறந்தாங்க. "ஒம்பதுல ஆரம்பிச்சு மூணுக்கு வந்திருக்கீங்க, உங்க கையெழுத்துதானே இது?" அமைதியான ரூம்ல எடுத்த ஒம்பது, ஹெட்போன் கழட்டி பத்து நொடியில எடுத்த மூணு. நம்ம வாயாலயே சாட்சி வாங்கி வச்சிருக்கானுங்க. நோகாம நுங்கு திங்கறதுன்னா இதுதான்.

என் காசு போனது கூடப் பெருசில்ல. அங்க ஒரு பனியன் கம்பெனிப் பையன் வருவான், இருபத்தஞ்சு வயசு கூட இருக்காது. காலையில எந்திரிச்சுப் பாத்தா ஒரு காது மட்டும் திடீர்னு கேக்கல, கூடவே இரைச்சலாம். இவனையும் இதே லேசர், இதே எண்ணெய்னு உக்கார வச்சுட்டாங்க. ஈஎன்டி டாக்டர்கிட்ட இதச் சொன்னப்ப அவர் முகமே மாறிப் போச்சு. திடீர்னு ஒரு காது கேக்காமப் போறது அவசர கேஸ், அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும், ஸ்டீராய்டு மருந்து முதல் ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் கேக்கற சக்தி திரும்ப வர்றதுக்கு நல்ல வாய்ப்பு, நாள் போகப் போகக் கைவிட்டுப் போயிரும். அந்தப் பையனை போன்ல பிடிச்சு ஜிஹெச்சுக்குப் போகச் சொன்னேன், அதுக்குள்ள வாரங்கள் ஓடிருச்சு. இதே மாதிரி ஒரு காதுல மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போட சேந்து தும் தும்னு கேக்கறது, தலைசுத்தலோட வர்றது, இதெல்லாம் இருந்தா எந்த கேம்ப்புக்கும் போகாதீங்க, நேரா ஈஎன்டிதான், சில பேருக்கு ஸ்கேன் கூடத் தேவைப்படும். செவிப்பறையில ஓட்டை இருந்து அது தெரியாம எண்ணெய் விட்டாங்கன்னா அது தனி வம்பு.

உண்மையான டெஸ்ட் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். முதல்ல குறும்பி அடைச்சிருக்கான்னு பாத்தாங்க, சில பேருக்கு அதை எடுத்தாலே சத்தம் போயிரும். அப்புறம் சத்தம் புகாத அறையில உக்கார வச்சு பீப் பீப்னு கேட்டா பட்டன் அமுக்கணும். ரிப்போர்ட்ல ரெண்டு காதும் 4000 ஹெர்ட்ஸ் கிட்ட பள்ளமா விழுந்திருக்கு, மத்த எடமெல்லாம் பரவால்ல. சத்தத்துல வேலை செய்யறவங்க காது இப்படித்தான் விழுமாம். அந்த ஸ்ருதியில காதுல இருந்து வர்ற தகவல் குறைஞ்சு போகவும் மூளை தன் பக்கத்து வால்யூமைக் கூட்டிக்குது, அதுதான் இரைச்சலாக் கேக்குதுங்கறது இப்ப பெரும்பாலும் ஒத்துக்கற விளக்கம். அரசு ஆஸ்பத்திரியில இந்த டெஸ்டுக்குக் காசு இல்ல. இஎஸ்ஐ கார்டு இருக்கற மில், கம்பெனித் தொழிலாளிங்க இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில எடுத்துக்கலாம், சத்தத்தால காது போறது சட்டப்படியே தொழில் நோய்ப் பட்டியல்ல இருக்கு, இது முக்காவாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

ஈஎன்டி டாக்டர்கிட்ட மாத்திரை கேட்டேன். இந்த சத்தத்தை நிறுத்தற மாத்திரைன்னு இன்னைக்குத் தேதிக்கு ஒண்ணும் இல்லன்னு பட்டுன்னு சொல்லிட்டார். மருந்துக்கு அனுமதி தர்ற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ இதுக்குன்னு ஒரு மருந்துக்குக் கூட அனுமதி தந்ததில்ல. அங்கத்த ஈஎன்டி டாக்டர்கள் சங்கம் 2014ல போட்ட வழிகாட்டியில ஜிங்கோ, மெலடோனின், ஜிங்க் மாத்திரை எதுவும் இதுக்குப் பரிந்துரைக்காதீங்கன்னு இருக்கு. நம்மூர்ல தலைசுத்தலுக்குக் குடுக்கற பீட்டாஹிஸ்டினை காது இரைச்சலுக்குன்னு குடுக்க வேண்டாம்னு டாக்டருங்களுக்கு வழிகாட்டி போடற இங்கிலாந்து நைஸ் அமைப்பு 2020ல சொல்லிருச்சு. கிளினிக் சுவத்துல "அமெரிக்க அங்கீகாரம்"னு ஒரு செய்தியை பிரேம் போட்டு மாட்டியிருந்தாங்க, அது 2023ல எஃப்டிஏ அனுமதிச்ச லெனைர்ங்கற கருவி, நாக்குல லேசா மின் துடிப்பும் காதுல சத்தமும் சேத்துக் குடுக்கறது, அதுவும் தொந்தரவைக் குறைக்கத்தான். இவங்க கிட்ட இருந்த டப்பாவுக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல.

அப்ப என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. கேக்கற சக்தி குறைஞ்சிருந்தா ஹியரிங் எய்டு, வெளிச் சத்தம் நல்லாக் கேக்க ஆரம்பிச்சா உள்சத்தம் பின்னால போகும். ராத்திரி பேன் சத்தமோ மழைச் சத்தமோ மெதுவா ஓட விட்டுத் தூங்கறது. அப்புறம் சிபிடின்னு ஒரு மனப் பயிற்சி, சத்தத்தைக் குறைக்காது, ஆனா அதால வர்ற பதட்டம், தூக்கமின்மை குறையும், இருக்கறதுலயே நல்ல ஆதாரம் இருக்கறது அதுக்குத்தான். குடோன்ல இப்ப காது மூடி போடறேன், பசங்க சிரிக்கட்டும். சத்தம் இன்னும் இருக்கு, ஆனா பாதி நாள் அதைக் கவனிக்கறதில்ல, தூக்கம் வருது.

பணம் கட்டி மாட்டுனவங்களுக்கு. கோபத்துல ஈஎம்ஐயை நிறுத்திராதீங்க, லோன் தனிக் கம்பெனி பேர்ல இருக்கும், சிபில் அடி வாங்கும், கிளினிக்குக்கு ஒரு நஷ்டமும் இல்ல. முதல்ல 1915க்கு, அதான் தேசிய நுகர்வோர் உதவி எண், புகார் போடுங்க. எனக்கு கிளினிக்காரங்க குடுத்த பதில் "சேவை வழங்கப்பட்டது, நோயாளி முன்னேற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளார்", அதான் அந்த மூணு மார்க். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, 1954ல வந்த மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தோட பட்டியல்ல செவிட்டுத்தன்மையும் இருக்கு, அதைக் குணப்படுத்தறேன்னு மருந்து விளம்பரம் பண்றதே குத்தம். இப்ப அவங்க விளம்பரத்துல "காது கேளாமை"ங்கற வார்த்தையை மட்டும் தூக்கிட்டாங்க, பழைய படம் என்கிட்ட இருக்கு.

இதே மாதிரி பத்துக்கு எத்தனைன்னு கையெழுத்து போட்டுக் குடுத்தவங்க இருந்தா எனக்கு மெசேஜ் போடுங்க. ஆணையத்தோட அனுமதி வாங்கி பல பேர் சேந்து ஒரே மனுவாப் போட வழி இருக்குன்னு வக்கீல் சொல்றார். பில்லு, ஈஎம்ஐ மெசேஜ், அந்த மார்க் சீட்டு நகல் மூணும் வேணும். நகல் தர மாட்டேன்னா எழுத்துல கேளுங்க, அந்தக் கடுதாசிய ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி ரசீதை வச்சுக்கங்க.