2022இல் வாங்கிய சைக்கிள் இன்னும் ஓடுகிறது

வாங்கிய கையோடு எழுதப்படும் அனுபவக் குறிப்புகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. எந்தப் பொருளும் முதல் மாதம் நல்லபிள்ளையாகத்தான் இருக்கும். மட்டக்களப்பின் உப்புக்காற்றும் மாரிமழையும் இரண்டு மூன்று முறை வந்துபோன பிறகுதான் அதன் உண்மைக் குணம் தெரியும். பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கிய சைக்கிளைப் பற்றி இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு அதுதான் காரணம்.

அந்தக் காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஜனவரியில் 177 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாவானது. அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. ஜூலையில், கியூஆர் குறியீட்டைக் காட்டி வாராந்தப் பங்கு எரிபொருளை மட்டும் வாங்கும் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்றார்கள். ஸ்கூட்டியை வரிசையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைத்து, மறுபடியும் போய் நான்கு அடி தள்ளிவைத்துவிட்டு வந்த பெண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே பலர். சைக்கிள் விலையும் அந்த வாரங்களில் கண்டபடி ஏறியது. அப்படியும் வாங்கினேன். கல்லடியிலிருந்து புளியந்தீவில் இருக்கும் அலுவலகத்துக்கு வேறு வழி இல்லை.

வண்டி சாதாரணமானது. பெண்களுக்கான தாழ்ந்த சட்டம், ஒரே கியர், முன்னால் கூடை, பின்னால் கரியர், செயினை முழுதாக மூடிய உறை. அந்த உறைக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். சேலை கட்டி ஓட்டுகிறவர்களுக்கு அது அத்தியாவசியம்; அதோடு பின் சக்கரத்தின் இருபக்கமும் வலை போட வேண்டும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார், நாம்தான் கேட்டுப் போடவேண்டும். கியர் வைத்த சைக்கிள் இந்த ஊருக்குத் தேவையே இல்லை. பாலங்களைத் தவிர இங்கே ஏற்றம் என்று சொல்ல எதுவும் கிடையாது. கியரின் மெல்லிய கம்பிகள் உப்புக்காற்றில் இறுகிப்போய், கடைசியில் அதுவும் ஒரே கியர் வண்டியாகிவிடும்.

குறைகளைச் சொல்கிறேன். முதலாவது, ரிம். மலிவான வண்டிகளுக்கு இரும்பு ரிம்தான் வருகிறது. வெயிலில் குறை தெரியாது. மழையில் பிரேக்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் ரப்பர் கட்டை நனைந்த இரும்பில் வழுக்கிக்கொண்டே போகும். வண்டி தன்பாட்டில் இன்னும் கொஞ்சத் தூரம் போய்த்தான் நிற்கும். மார்கழியில் அரசடிச் சந்தியில் இப்படி ஒரு ஓட்டோவின் பின்பக்கத்தை முத்தமிடாத குறை. இரண்டாவது, கம்பிகள் ரிம்மோடு சேரும் இடத்தில் துரு பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மினுக்கமாகவே இருக்கும். ஒருநாள் ‘டிக்’ என்று ஒரு கம்பி விடுபடும். பிறகு சக்கரம் கோணத் தொடங்கும். மூன்றாவது, இருக்கையின் றெக்சின் ஒரே கோடையில் வெடித்தது. அதை ஒரு பொலித்தீன் பையால் மூடி இன்றுவரை சமாளிக்கிறேன்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றுதான் சொல்லத் தக்கது. செயினுக்கு எண்ணெய் விட்டபின் பழைய துணியால் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். கல்லடிப் பக்கம் கடற்கரை மணல் எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறது. எண்ணெய்ப் பசை கண்ட இடத்தில் அது ஒட்டி, அரம்போல் பல்லை அராவிவிடும். துடைத்து ஓட்டியதால் செயின் இன்னும் முதல் செயின்தான்.

இனிக் கச்சான் காற்று. சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு அது ஒரு வறண்ட வெப்பக் காற்று, அவ்வளவுதான். ஆனி, ஆடி மாதங்களில் பின்னேரம் கல்லடிப் பாலத்தில் ஏறிப் பார்த்தால்தான் தெரியும் அது யார் என்று. மேற்கிலிருந்து வாவியைத் தடையில்லாமல் தாண்டி வந்து வலப்பக்கமாக மோதும். முன்கூடையில் மரக்கறிப் பை இருந்தால் ஹாண்டில் தானாகவே இடப்பக்கம் இழுக்கும், அதாவது வாகனம் வரும் பக்கத்துக்கு எதிராக, ஓரத்துக் கட்டை நோக்கி. அதற்குச் சரிக்கட்டி வலப்பக்கம் சாய்ந்து மிதித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய பஸ் முந்திச் செல்லும். அந்த ஒரு கணம் காற்று பஸ்ஸால் மறைக்கப்படும். சாய்ந்து கொடுத்துக்கொண்டிருந்த உடம்பு பஸ்ஸை நோக்கியே விழப்பார்க்கும். பஸ் கடந்ததும் மறுபடியும் அடி. இதைத் தெரிந்து, பஸ்ஸின் சத்தம் பின்னால் கேட்டவுடன் நிமிர்ந்துகொள்ளப் பழகிவிட்டேன். சாரதிகள் யாரும் இதை அறிந்திருக்க நியாயமில்லை. ஓட்டுநர் பயிற்சி கொடுக்கும் எவரும் ஒரு நாளாவது பயிற்சி பெறுகிறவர்களைச் சைக்கிளில் இந்தப் பாலத்தைக் கடக்கவைத்தால் புண்ணியம்.

பக்கத்திலேயே பழைய பாலம் நிற்கிறது. 1924இல் திறந்தது, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம் என்றார்கள். 2013இல் புதிய பாலம் வரும்வரை ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுபக்கத்தார் காத்துக்கிடந்த ஒற்றை வழிப் பாலம் அது. இப்போது கனரக வாகனத் தொல்லை இல்லாமல், மாலையில் குடும்பம் குடும்பமாக மனிதர்கள் காற்று வாங்குகிறார்கள். இந்த ஊரில் அவசரமில்லாத மனிதர்களுக்கென்று வீதி அமைச்சு எதையாவது ஒதுக்கியிருக்கிறதென்றால், தேவை முடிந்துபோனதால் மிஞ்சிய இந்த இரும்பைத்தான் சொல்லவேண்டும்.

வண்டியின் குறைகள் இவ்வளவுதான். மிச்சமுள்ள குறைகளுக்குச் சைக்கிள் பொறுப்பல்ல.

பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், 2023 செப்டெம்பரில் கியூஆர் முறையும் போனதும், என்னோடு சைக்கிளில் வந்தவர்கள் ஒவ்வொருவராக ஸ்கூட்டிக்குத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. முழங்கால் வலி குறைந்தது, மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் காசு நின்றது, வேறு பெரிய இலட்சியம் எதுவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்துதான் விசாரணை தொடங்கியது. “ஸ்கூட்டி பழுதா மிஸ்?” என்று முதலில் கேட்டார்கள். பிறகு, “வித்துவிட்டீர்களா?” பிறகு குரலைத் தணித்து, “வீட்டில் ஏதும் கஷ்டமா?” எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் வயதான அம்மா மட்டும், “மகள், வெயிலுக்கு முதல் போய்ச் சேர்ந்துவிடு” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஒரு நிதி நிறுவனத்தின் வாசலில் நடந்தது இது, பெயர் வேண்டாம். வாசலில் காருக்கென்று கோடு கீறிய இடம் வெறுமையாகக் கிடந்தது. ஓரமாகச் சைக்கிளை நிறுத்தினேன். காவலாளித் தம்பி ஓடிவந்தார்.

“அக்கா, இது காருக்குரிய இடம். பின் ஒழுங்கையில் வையுங்கள்.”

“ஒரு கார்கூட இல்லையே தம்பி?”

“வந்தால் என்னைத்தான் கேட்பார்கள் அக்கா.”

அவரோடு சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை. பின் ஒழுங்கையில் இன்னொரு சைக்கிள் நின்றது. அது அவருடையது.

வராத காருக்கு இடம் ஒதுக்கும் பழக்கம் நிறுவனங்களோடு நிற்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். பத்துப் பேர்ச்சஸ் காணியில் கட்டும் வீட்டிலும் இப்போது முதலில் தீர்மானமாவது காருக்கான இரும்புக் கேற். சமையலறை சுருங்கலாம், கேற் சுருங்கக்கூடாது. பல வீடுகளில் அந்த இடத்தில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டிருப்பதையும் காண்கிறேன்.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். இடதுசாரி, பழைய தொழிற்சங்கக்காரர். அவர் கோபப்பட்டார். “போர்க்காலத்தில் சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கிச் சைக்கிளை உருட்டிய மனிதன், பிறகு பஸ்ஸில் தொங்கிய மனிதன், ஐம்பது வயதில் ஒரு பழைய கார் வாங்கினால் உங்களுக்கு என்ன?” என்றார். எனக்கு ஒன்றுமில்லை. அவர் சொன்னது நியாயம், அதில் பாதியை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். என் கேள்வி கார் வாங்கியவரைப் பற்றியதல்ல. வாங்க முடியாதவர் வீதியில் எங்கே போவது என்பதுதான். மட்டக்களப்பில் அவர் வீதியோர வடிகான் மூடியின் மேல் போகிறார். அங்கேயும் ஒரு வேன் நிறுத்தியிருக்கும்.

முற்போக்கு அரசியல் என்ற சொல் இப்போது நாட்டில் அதிகம் அடிபடுகிறது. 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி நாடு முழுவதும் வென்றபோது, அது முதலிடம் பெறாத ஒரே தேர்தல் மாவட்டம் எங்களுடையது. இங்கே தமிழரசுக் கட்சி வென்றது. ஆனால் இந்த விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்கு எங்கள் ஒழுங்கைக்கு வந்த எல்லா நிறத்தாரும் காப்பெற் வீதி, வடிகான், தெருவிளக்கு என்றார்கள். பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் பவனியாகத்தான் வந்தார்கள். நடைபாதை பற்றியோ, இருட்டியபின் அருகிப்போகும் பஸ்ஸைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கொழும்பில் இன்னும் சிக்கலான கதை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். அந்த வருடம் அரச வருமானம் உயர்ந்ததற்கு வாகன வரி முக்கியமான காரணம். ஆட்சியிலுள்ள தேசிய மக்கள் சக்தியை வழிநடத்தும், மார்க்சியப் பாரம்பரியத்தில் வளர்ந்த ஒரு கட்சி, சர்வதேச நாணய நிதியத்தோடு ஒத்துக்கொண்ட கணக்கைக் கார் வரியால் சரிக்கட்ட வேண்டிய நிலை. இதில் நான் அவர்களைப் பரிகாசம் செய்யவில்லை. கடனில் மூழ்கிய நாட்டைப் பொறுப்பேற்றவர்கள். ஆனால் கார் வந்தால்தான் காசு வரும் என்றாகிவிட்டால், கார் குறையவேண்டும் என்று எந்த நிதியமைச்சு நினைக்கும்? இதே நாட்டில்தான் 1958இல் தனியார் கம்பனிகளிடமிருந்து பஸ்களை எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தார்கள். அதன் நிர்வாகத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனாலும் வாவிக்கு மேற்கே, இலாபம் இல்லாத படுவான்கரை வீதிக்கும் ஒரு பஸ் போகவேண்டும் என்று அரசியல்வாதிகள் எண்ணிய காலம் அது.

இந்தச் சைக்கிளை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கல்லடி, புளியந்தீவு, கோட்டைமுனை, ஊறணி என்ற வட்டத்துக்குள் வேலையும் வீடும் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் உங்களை முந்த எந்த வாகனத்தாலும் முடியாது. எல்லாம் வாசலில் சிக்கி நிற்கும். காத்தான்குடி, ஆரையம்பதியிலிருந்து வருபவர்கள் காலையில் மட்டும் சந்தோஷமாக இருப்பார்கள். செங்கலடியிலிருந்து என்றால் வேண்டாம், பஸ்ஸை எதிர்பாருங்கள். இரவில் ஓட்டுவதாக இருந்தால் நல்ல முன்விளக்கு கட்டாயம். கட்டாக்காலி மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும், கறுப்பு மாடு கடைசி நொடிவரை கண்ணில் படாது.

என் வண்டிக்குப் பின் ரிம் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அலுமினியம் போடச் சொல்லியிருக்கிறேன். இரும்பைவிட விலை கூட, ஆனால் அடுத்த மாரிக்கு முதல் போட்டுவிட வேண்டும். கடைக்காரத் தம்பி, “அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பற்றரி ஸ்கூட்டிக்கு முற்பணம் கட்டலாமே அக்கா” என்கிறார். அவருடைய கடையிலும் இப்போது பாதி இடம் அதற்குத்தான்.