குளியலறைச் சுவருக்கு எனாமலா, எமல்ஷனா, சுண்ணாம்பா?

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையும் ஏற்காட்டில் உள்ள சித்தி வீட்டுக் குளியலறையும் ஏறக்குறைய ஒரே அளவு, ஐந்துக்கு ஆறடி. இரண்டிலும் டைல்ஸுக்கு மேலுள்ள சுவருக்கு ஒரே ஆண்டில் வண்ணம் பூச நேர்ந்தது.

பெயிண்டர்கள் முதலில் பரிந்துரைப்பது எண்ணெய் பெயிண்டான எனாமலைத்தான். தெறிக்கும் நீர் அதில் ஒட்டாமல் வழிந்துவிடும். சோப்புக் கறையை ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். ஆனால் சுவருக்குப் பின்புறமிருந்து ஈரம் கசிந்தால், வெளியேற வழியின்றி அது அந்தப் படலத்துக்கு அடியிலேயே தங்கிவிடுகிறது. சித்தி வீட்டில் முன்பு பூசியிருந்த எனாமலில் எழுந்த கொப்புளம் ஒன்றை நகத்தால் கீறியபோது, பெயிண்ட் தோலாக உரிந்து, உள்ளிருந்து வெள்ளை உப்பு மாவு போல் கொட்டியது. சரியாக ஆறாத புதிய சிமெண்டுப் பூச்சின் காரமும் எனாமலின் எண்ணெயைச் சிதைத்துவிடும்.

நீர் கலந்து பூசும் அக்ரிலிக் எமல்ஷனில் வாடை குறைவு. நான்கு மணி நேரத்தில் அடுத்த கோட்டிங் அடிக்கலாம். உள்ளிருக்கும் ஈரத்தையும் ஓரளவு வெளியே விடும். மலிவான சுவர்ப்பூச்சான டிஸ்டெம்பரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: ஈரக்கை பட்டால் கையோடு வந்துவிடும்.

எதைத் தேர்வது என்பதை ஒரு பாலித்தீன் தாளே சொல்லிவிடும். ஓரடிச் சதுரத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் தாளின் உட்புறம் உலர்ந்தே இருந்தது; அங்கே எமல்ஷனே போதும். ஏற்காட்டில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுவதும் பனிமூட்டத்தில் நிற்கும் அந்தப் பழைய கல்சுவருக்கு, ஈரத்தை அடைக்காத சுண்ணாம்பே பொருத்தம் என்று முடிவு செய்தோம். சுண்ணாம்பின் காரத்தில் பூசணமும் எளிதில் பிடிப்பதில்லை. ஆனால் பழைய பெயிண்ட் முழுவதையும் காரை தெரியும்வரை சுரண்டியெடுத்து, சுவரை நனைத்து, மெல்லிய கோட்டிங்காக மூன்று முறை அடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் எமல்ஷனுக்கு முன் பூசணத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவினோம். கழிவறை ஆசிட்டை அதனுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். சுவரைச் சமப்படுத்தும் பட்டிக்கு (putty) வெள்ளைச் சிமெண்டுப் பட்டியே வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன், ஏனெனில் மலிவான சுண்ணப்பொடிப் பட்டி ஈரம் பட்டால் ஊறி உப்பிவிடும். அது காய்ந்தபின் உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டிங் எமல்ஷன் பூசினோம்.

சித்திக்கு ஒரே ஒரு குறை: சுவரோரம் உரசினால் தோளில் வெள்ளை ஒட்டிக்கொள்கிறது.