ஹனோயில் நடை, சைகோனில் மோட்டார் சைக்கிள்: வியட்நாம் தெருவுணவுக்கு எந்த வழி ஏற்றது?

வியட்நாமின் தெருவுணவை அறிய விரும்பும் பயணிக்கு நான்கு வழிகள் உண்டு. கட்டணம் செலுத்தி, சிறு குழுவாக ஒரு வழிகாட்டியோடு மூன்று மணி நேரம் நடக்கலாம். ஆங்கிலம் பேசிப் பழகுவதற்காகக் கட்டணமின்றி அழைத்துச் செல்லும் கல்லூரி மாணவர்களோடு போகலாம். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து நகரைச் சுற்றலாம். இவை எதுவும் வேண்டாம் என்றால், கண்ணில் பட்ட கடையில் உட்கார்ந்து கைகாட்டி உணவு கேட்டபடி தனியாக அலையலாம். நான்கையும் முயன்று பார்த்தவன் என்ற முறையில், தலைநகர் ஹனோயில் நடையும் தெற்கே ஹோ சி மின் நகரில் மோட்டார் சைக்கிளும் பொருந்தும் என்பது என் முடிவு. ஹோ சி மின் நகரை உள்ளூர் மக்கள் இன்றும் சைகோன் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். எந்த நகரமானாலும் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வேளையறிவுக்கான விலை, அதாவது எந்தப் பண்டத்தை எந்த நேரத்தில் உண்ணவேண்டும் என்ற அறிவுக்கான விலை. அதை மனத்தில் வைத்துக்கொண்டால் நான்கு வழிகளையும் எடைபோடுவது எளிது.

ஹனோயின் பழைய நகரம் ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே இருக்கிறது. ஏரிக்கரையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 1889இல் கட்டிய தோங் சுவான் சந்தை வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ‘36 தெருக்கள்’ என்று அழைக்கப்படும் இந்தப் பகுதியில் ஒரு தெருவுக்கு ஒரு தொழில் என்பது பழைய ஏற்பாடு. ஹாங் பாக் வெள்ளிக்காரர் தெரு, ஹாங் தியெக் தகர வேலைக்காரர் தெரு, ஹாங் மா சடங்குக்கான காகிதப் பொருள்கள் விற்கும் தெரு. உணவும் ஏறத்தாழ இதே ஒழுங்கில் நடக்கிறது. ஒரு கடை ஒரே ஒரு பண்டத்தைச் சமைக்கும்; அதையும் நாளின் ஒரு பகுதியில் மட்டும் சமைக்கும்; பானை காலியானதும் பிளாஸ்டிக் முக்காலிகளை அடுக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலையில் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் விற்ற நடைபாதையில் பிற்பகலில் வேறொருவர் சே என்னும் இனிப்புப் பண்டம் விற்பதைக் காணலாம். பட்டியலட்டை பார்த்து எல்லாவற்றையும் ஓரிடத்தில் கேட்டுப் பழகிய நமக்கு இந்த ஒழுங்கு பிடிபடச் சில நாள்கள் ஆகும். மூன்று நாள் மட்டும் தங்குகிறவர், பிடிபடும் நேரத்தில் விமான நிலையத்தில் இருப்பார்.

தனியாக அலைவதன் குறை எனக்கு முதல் நாளிலேயே தெரிந்தது. அடுப்பில் வாட்டிய பன்றியிறைச்சியை இனிப்பும் புளிப்பும் கலந்த மீன்சாற்றில் மிதக்கவிட்டு, வெள்ளை அரிசி நூடுல்ஸோடும் கீரைகளோடும் தருகிற பூன் சா, ஹனோயின் மதிய உணவு. அதை இரவு எட்டு மணிக்குத் தேடிப் போனேன். பயணிகளுக்காகத் திறந்திருந்த ஒரு கடையில் கிடைத்த இறைச்சி எப்போதோ வாட்டி ஆறவைத்தது. கரி மணமே இல்லை. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஒரு வழிகாட்டி அழைத்துச் சென்ற சந்தில், ஒரு பெண்மணி கம்பிவலைக்குள் இறைச்சியை அடுக்கி, நடைபாதையிலேயே கரியடுப்பின் மீது புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் மின்விசிறி, மறு கையில் கிடுக்கி. உருகிய கொழுப்பு கரியில் சொட்டி எழுந்த புகை சந்து முழுவதும் நிறைந்திருந்தது, அந்தப் புகையின் சுவைதான் கிண்ணத்தில் இருந்தது.

அதே வழிகாட்டியிடம் நான் கற்றுக்கொண்ட இன்னொன்று, மாம் தோம் என்ற ஊதாநிறப் புளித்த இறால் விழுதை உண்ணும் முறை. பொரித்த டோஃபுவையும் அரிசி நூடுல்ஸ் கட்டியையும் இந்த விழுதில் தோய்த்து உண்பது ஹனோய் மக்களுக்கு மிகப் பிரியமானது. முந்தைய நாள் தனியாகச் சென்று அந்த விழுதைக் கிண்ணத்தில் வந்தபடியே தொட்டுத் தின்று, கருவாட்டுக்கும் அப்பாற்பட்ட அந்த நெடியைத் தாங்காமல் தட்டை ஒதுக்கிவைத்திருந்தேன். வழிகாட்டி விழுதில் இரண்டு சிறிய குவாட் எலுமிச்சைகளைப் பிழிந்தார். கொஞ்சம் சர்க்கரையும் அரிந்த மிளகாயும் போட்டார். ஒரு கரண்டி கொதிக்கும் எண்ணெய் கேட்டு வாங்கி ஊற்றினார். பின்பு குச்சிகளால் விடாமல் அடித்தார். அரை நிமிடத்தில் விழுது வெளுத்து நுரைத்துப் பொங்கியது, நெடி அடங்கி உப்பும் புளிப்பும் மேலே வந்தன. முதல் நாள் எனக்குக் கிடைத்ததும் நல்ல விழுதுதான். அடிக்கத் தெரியாததே குறை. இத்தகைய செய்முறைகள் எந்தக் கடைப் பலகையிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

இதைச் சொல்லும்போதே கட்டண நடைச்சுற்றுகளின் மீது எனக்குள்ள பெரிய வருத்தத்தையும் சொல்லவேண்டும். அவற்றில் மிகுதியானவை மாலை ஐந்தரை அல்லது ஆறு மணிக்குத் தொடங்குகின்றன. பகலில் ஊர் பார்த்துவிட்டு மாலையில் உண்ணலாம் என்ற பயணியின் வசதிக்கு அது சரி. ஆனால் ஹனோயின் மிகச் சிறந்த சமையல் விடியற்காலையிலிருந்து மதியம் வரைதான். மாட்டெலும்பை இரவெல்லாம் கொதிக்கவைத்த ஃபோ சாறு காலை ஏழு மணிக்குத் தெளிவாக இருக்கும். மஞ்சளில் ஊறவைத்த ஒட்டரிசிச் சோற்றின் மீது பாசிப்பருப்பு உருண்டையைச் சீவித்தூவி, பொரித்த சிறுவெங்காயம் போட்டுத் தரும் சோய் சேயோ, அலுவலகம் செல்வோருக்கான காலை உணவு. ஆகவே காலை நடை, மாலை நடை என இரண்டும் கிடைத்தால் தயங்காமல் காலையைத் தேர்ந்தெடுக்கலாம். மாலை நடையில் நோம் என்னும் பப்பாளிக்காய்க் கலவையும், பொரித்த பண்டங்களும், பியா ஹாய் என்ற அன்றன்று வடித்த பீரும், சூடான முட்டைக் காபியும் கிடைக்கும். இவை நல்லவையே என்றாலும், இவற்றுக்கு வழிகாட்டியின் தேவை குறைவு. முட்டைக் காபியை, புதுப்பாலுக்குத் தட்டுப்பாடு இருந்த 1946ஆம் ஆண்டில், ஹனோயின் மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் சாங் உருவாக்கினார். மஞ்சள்கருவைச் சர்க்கரையோடும் சுண்டிய பாலோடும் நுரைக்க அடித்துக் காபியின் மீது ஊற்றுவது அதன் செய்முறை. அவர் தொடங்கிய காபிக் கடையைக் குடும்பத்தார் இன்றும் நடத்துகிறார்கள். யாரும் எளிதில் போய்ச் சேரலாம்.

காலை நடையில் என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது பான் குவோன் கடை. கொதிக்கும் பானையின் வாயில் துணியை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நம் இட்லித்துணி நினைவுக்கு வரும். அதன்மேல் ஒரு கரண்டி அரிசி மாவை ஊற்றி, கரண்டியின் அடிப்பக்கத்தாலேயே வட்டமாகத் தேய்த்து மூடிவிடுகிறார் கடைக்காரம்மா. அரை நிமிடம்கூட ஆகாது. மூடியைத் திறந்து, நீளமான மூங்கில் தட்டையை அடியில் செலுத்தி, கண்ணாடிபோன்ற அந்தத் தகட்டைக் கிழியாமல் தூக்கித் தட்டில் பரப்பி, வதக்கிய இறைச்சித்தூளும் மரக்காளானும் வைத்து மடிக்கிறார். இரண்டு அடுப்புகளுக்கும் மாறிமாறிக் கை போய்க்கொண்டிருந்ததே தவிர அவருடைய கண் அடுப்பில் இல்லை. யார் எத்தனை தட்டு கேட்டார்கள் என்ற கணக்கிலேயே இருந்தது. வழிகாட்டி கேட்டபோது முப்பது ஆண்டாக இதே மூலையில் ஊற்றுகிறேன் என்றாராம். தனியாகச் சென்றிருந்தால் அந்தத் தட்டை உண்டிருப்பேன். அந்த முப்பது ஆண்டைக் கேட்டிருக்க முடியாது.

கட்டணமில்லா மாணவர் நடையை இதனோடு ஒப்பிட்டால், உரையாடலில் அது வெல்லும், உணவில் தோற்கும். பயணி தன் உணவுக்கும் உடன்வரும் மாணவரின் உணவுக்கும் பணம் கொடுத்து, முடிவில் மனமுவந்து ஏதேனும் அன்பளிப்பும் தருவது வழக்கம். பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சமையலையும் தேர்வையும் சொந்த ஊரையும் பற்றிப் பேசும் பேச்சுக்கு விலையில்லை. ஆனால் எந்தக் கடையில் இன்று சாறு நன்றாக இருக்கிறது என்ற நுணுக்கத்தை எல்லா மாணவர்களிடமும் எதிர்பார்க்க முடியாது. வேறு மாகாணத்திலிருந்து படிக்க வந்து ஓராண்டே ஆனவர்களும் அவர்களில் உண்டு. நான்கு நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்கு இரண்டையும் பரிந்துரைக்கிறேன். ஒன்றுதான் முடியும் என்றால் கட்டண நடையை.

செலவுக் கணக்கு எளிது. சிறு குழு நடைக்குப் பொதுவாக 20 முதல் 35 டாலர் வரை கேட்கிறார்கள். உணவும் அதில் அடக்கம். அதே ஆறேழு பண்டங்களைத் தனியாக வாங்கி உண்டால் 250,000 டாங் அல்லது அதற்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 10 டாலர் ஆகும். எஞ்சிய தொகை வழிகாட்டியின் அறிவுக்குப் போகிறது. எட்டுப் பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்த்தால் மட்டும் அந்தத் தொகை வீண். நடைபாதைக் கடைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக அமர இடமிருக்காது என்பதால், அத்தகைய குழுவைப் பெரிய கடைகளுக்குத்தான் அழைத்துச் செல்வார்கள். முன்பதிவு செய்யும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, குழுவில் எத்தனை பேர் என்பதே.

சைகோன் வேறுவகை நகரம். தெருக்கள் அகலம், வெயில் கடுமை, நல்ல கடைகள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவு. நத்தைக்கும் சிப்பிக்கும் பேர்போன வின் கான் தெரு பழைய 4ஆம் மாவட்டத்தில் இருக்கிறது. பூச்சந்தையை ஒட்டிய ஹோ தி கீ உணவுத் தெரு பழைய 10ஆம் மாவட்டத்தில் இருக்கிறது. 2025 ஜூலையில் மாவட்ட நிர்வாக அடுக்கு கலைக்கப்பட்ட பின்னும் ஊர்க்காரர்கள் இந்த எண்களைச் சொல்லித்தான் வழி காட்டுகிறார்கள். இவ்விரு இடங்களையும் ஒரே மாலையில் நடந்து சேர நினைப்பது வீண் முயற்சி. அங்கே நடைச்சுற்று என்று விற்கப்படுபவை மையப்பகுதியைத் தாண்டுவதே அரிது. அப்பகுதியின் சந்தைக் கடைகளோ வெளியூராரை நம்பி நடப்பவை. மோட்டார் சைக்கிளில் போனால் தேங்காய்ப்பாலில் வெந்த நத்தை ஓரிடத்தில், மஞ்சள் மாவை வாணலியில் ஊற்றும்போது எழும் ஓசையையே பெயராகக் கொண்ட பான் சேயோ வேறிடத்தில், நொய்யரிசிச் சோற்றின் மேல் வாட்டிய இறைச்சி வைத்த கோம் தாம் இன்னோரிடத்தில் என நகரத்தின் பரப்பே கைவசமாகும்.

ஆனால் இதில் இழப்பதும் உண்டு. வழிகாட்டி முன்னால் ஓட்டுகிறார், பயணி பின்னால் அமர்ந்திருக்கிறார், நடுவே ஆயிரம் வண்டிகளின் இரைச்சல். கடைக்குக் கடை போகும் நேரத்தில் பேச்சே நடக்காது. நடையில் அந்த இடைவெளியில்தான் எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்தது. தலைக்கவசம் அந்நாட்டில் 2007 டிசம்பர் முதல் அனைவருக்கும் கட்டாயம். தருகிற கவசத்தின் வார் சரியாக இறுகாவிட்டால் வேறு கேட்டு வாங்கவேண்டும், பயணக் காப்பீடு பின்னிருக்கைப் பயணத்தை ஏற்கிறதா என்பதையும் முன்பே படித்துப் பார்த்துவிடவேண்டும். சிறு குழந்தைகளோடும் முதியவர்களோடும் செல்வோர்க்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். அவர்கள் சைகோனில் டாக்ஸி வைத்து இரண்டு கடைகளுக்கு மட்டும் போய்வருவதே நல்லது.

சைகோன் சுற்றில் தமிழர்கள் கேட்டுப்பெற வேண்டிய ஒன்று, காரி என்ற பெயரிலேயே விற்கப்படும் தேங்காய்ப்பால் கோழிக்குழம்பு. அதை ரொட்டியில் தோய்த்து உண்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நகரத்தாரும் புதுச்சேரி, காரைக்கால் பகுதியினரும் குடியேறி வாழ்ந்த ஊர் அது. அவர்களுடைய நினைவாக மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் நகரின் மையத்திலேயே நிற்கின்றன. குழம்பின் இனிப்பு நமக்குப் புதிது, மசாலா வாசனை புதிதன்று.

இறுதியாக, உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு நான்கு வழிகளில் ஒன்றே பொருந்தும்: வழிகாட்டியோடு, முன்கூட்டியே சொல்லிவைத்த நடை. நுவோக் மாம் என்ற மீன்சாறு கீரைப் பொரியலிலும் கலந்திருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் சாற்றில் எலும்பு வெந்திருக்கும். வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வடக்கில் அதன் பெயர் லாக், தெற்கில் தவு ஃபோங், ஓர் ஊரில் கற்ற சொல் மற்றோர் ஊரில் காப்பாற்றாது. சைவ உணவுக்காரர்கள் ‘சாய்’ என்ற சொல்லை எழுதிவைத்துக்கொள்ளலாம். அந்தப் பலகை தொங்கும் கடைகளில் மீன்சாறுக்குப் பதில் சோயாச் சாறுதான். பௌத்த வழக்கப்படி சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மக்களில் பலர் புலால் உண்பதில்லை. அன்று வழக்கமான கடைகளிலும் சிலர் சைவப் பானை ஏற்றுவார்கள். பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புள்ளவர்கள், அமாவாசையை அல்லது பௌர்ணமியை ஒட்டி ஹனோயில் இருக்குமாறு பார்த்துக்கொண்டு, அன்றைய காலைக்கு நடையைப் பதிவு செய்யலாம்.