விழித்திரைக்கு ஹார்மோன் மாத்திரை: எட்டு மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்

நேற்று மாலைதான் எல்லாம் தெரியவந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். தம்பியின் பார்வையைக் காப்பாற்றித் தருகிறோம் என்று இணையவழி சிகிச்சை மையம் ஒன்று என் எட்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டது.

தம்பிக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் பரம்பரை நோய். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் முதலில் சாகும். பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய்க்குள் கண்ணை வைத்ததுபோல் ஆகிவிடும். பிறகு பகல் வெளிச்சத்தில் பார்க்கவும் நிறம் அறியவும் உதவும் கூம்பு செல்களும் போகும். இதைத் தடுக்கும் மருந்து தம்பிக்கு இப்போது இல்லை என்று எங்கள் கண் மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மைதான் எனக்குப் பிடிக்காமல் போனது.

அந்த மையத்தில் ஒரு பெண் பேசினார். நோயின் பெயரை நான் சொல்லி முடிப்பதற்குள், "படி இறங்கும்போது தம்பி சுவரைத் தடவுகிறாரா, அக்கா?" என்றார். சொந்தக்காரர்கள்கூடக் கவனிக்காத விஷயம். அங்கேயே விழுந்துவிட்டேன். பிறகு ஒரு படம் அனுப்பினார்: மருந்து கொடுக்காத விழித்திரையில் ஒளியுணர் செல்களின் அடுக்கு மெலிந்திருந்தது, கொடுத்ததில் தடித்திருந்தது. அது சுண்டெலியின் விழித்திரை. கீழே இருந்த விளக்கத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்!

மாத்திரை தொடங்கியதும் தம்பி பகலெல்லாம் தூங்கி வழிந்தான். "மருந்து வேலை செய்கிறது, அக்கா." மூன்றாம் மாதம், "ஹார்மோன் உடம்பில் ஊற நாளாகும்." ஆறாம் மாதம் பார்வைப் புலச் சோதனையில் தம்பிக்குத் தெரிகிற வட்டம் இன்னும் சுருங்கியிருந்தது. "தாமதமாக வந்தீர்கள், டோஸைக் கூட்டுவோம்." அதற்குத் தனிக் கட்டணம், அதையும் கட்டினேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் 'அக்கா'வாக இருந்த நான் அந்தப் பெண்ணுக்கு 'மேடம்' ஆகிவிட்டேன். அதற்குப் பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை. எட்டு மாதச் சம்பளம்.

நேற்று மாத்திரைப் பெட்டியை மருத்துவரிடம் காட்டினேன். புரோஜெஸ்டிரோன். 2011இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் அதன் செயற்கை வகையான, கருத்தடை மாத்திரைகளில் சேர்க்கப்படும் நார்ஜெஸ்ட்ரெல்லைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, செல்கள் சாவது குறைந்ததைக் காட்டியது உண்மைதானாம். ஆனால் அந்த ஆய்வில் இருந்த பரம்பரைக் குறை கொண்ட எலிகளுக்குப் பழுது ஒரு மரபணுவில், தம்பிக்கு வேறொன்றில். மனிதக் கண்ணில் அது பலிக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இந்த மருந்துக்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது என்று அந்தப் பெண் அடித்துச் சொன்னாரே, அப்போது அனுமதி பெற்றது ஹார்மோனே அல்ல. ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணு பழுதானவர்களுக்கான மரபணு சிகிச்சை. மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார் மருத்துவர்.

ஏமாறாமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். கை ஓடவில்லை. ஆய்வுப் படம் காட்டினால் எலியா மனிதனா என்று முதலில் கேளுங்கள். எந்த மரபணு என்று கேட்காமல் மருந்து தருகிறவரிடம் போகாதீர்கள். பரிசோதனைச் சிகிச்சை என்று சொல்லிக்கொண்டே மருந்துக்குப் பணம் கேட்டால் தொலைபேசியை வையுங்கள். கட்டுவதற்கு முன் உங்கள் விழித்திரை மருத்துவரிடம் பெட்டியைக் காட்டுங்கள். நான் எட்டு மாதச் சம்பளம் கட்டிய பிறகு காட்டினேன்.

தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. ராத்திரி மாத்திரையை எங்கே வைத்தாய் என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.