வயிற்றுப்பாடும் வாத்தியமும்: எந்த வருமானம் எதைத் தின்கிறது?

காசுக்கு வாசித்தால் கலை கெடுமா என்ற கேள்வியில் பல இசைக்கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழல்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் பார்க்கும் வேலை உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது? நேரத்தையா, காதையும் கையையுமா, பாட்டின் உரிமையையா?

இசைக்குச் சம்பந்தமில்லாத சம்பள வேலை நேரத்தை எடுக்கும், மற்ற இரண்டையும் தொடாது. அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழில் செய்தபடியே இசையமைத்தார். 1947இல் புலிட்சர் பரிசும் பெற்றார். இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ், 1976இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கில் தன் ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) மேடையேறிய பிறகும் டாக்ஸி ஓட்டினார். மறுபக்கம் ரஷ்ய இசையமைப்பாளர் போரோடின்: வேதியியல் பேராசிரியர். 1869இல் தொடங்கிய ஓபரா, 1887இல் அவர் இறக்கும்போதும் முடியவில்லை, நண்பர்கள்தான் முடித்தார்கள். ஆகவே சம்பளத்தைவிட வேலை நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மணி அடித்ததும் மனதைவிட்டு இறங்கிவிடும் வேலையே நல்லது. வேலைக்குக் கிளம்புமுன் கிடைக்கும் ஒரு மணி நேரச் சாதகம், களைத்துப்போய் இரவில் உட்காரும் இரண்டு மணி நேரத்தைவிட மேல்.

வகுப்பெடுப்பது நிலையான வருமானம். 20 மாணவர்கள், ஆளுக்கு வாரம் 45 நிமிடம் என்றால் 15 மணி நேரம்தான். ஆனால் மாணவர்கள் வருவது மாலையில். கச்சேரியும் ரிகர்சலும் நடப்பது அதே மாலையில். தேர்வுக் காலத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்குவதும், வகுப்புக்கு 24 மணி நேரம்கூட இல்லாதபோது ரத்து செய்தால் வகுப்பு நடந்ததாகக் கணக்கு வைப்பதும் இதனால்தான்.

விழா மேடைகளில் பிறர் பாட்டை வாசிக்கும் குழு கைக்குக் கை காசு தரும். 3 மணி நேர நிகழ்ச்சி என்பார்கள். சாமான் ஏற்றுவது, ஒலி சரிபார்ப்பது, திரும்பி வருவது எல்லாம் சேர்ந்து 8 மணி நேரம் போய்விடும். உண்மையான நஷ்டம் கையில் தெரியும். ஒரே பாட்டை நூறு மேடையில் வாசித்தவர் தனியாக உட்கார்ந்து புதிதாக ஒன்று தேடும்போது, விரல் யோசிக்காமல் பழைய இடத்துக்கே போய் விழும். அடுத்து காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பரிந்துரைக்கப்படும் ஒரு தொழில் பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் மேடையில் மிஞ்சுவது 15 நிமிடம். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் இல்லாமல் இந்த வேலைக்குப் போகவே கூடாது.

விளம்பர இசையில் நேரம் குறைவு, தொகை அதிகம், போவது உரிமை. முழு உரிமையையும் விற்றுவிட்டால் அந்த மெட்டை நீங்களே மறுபடி தொட முடியாது. முடிந்தவரை உரிமம் மட்டும் கொடுங்கள். எத்தனை மாதம், எந்த நாடுகள், எந்த ஊடகம் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். சொந்தப் பாட்டுக்கென வைத்திருக்கும் மெட்டை இங்கே எடுக்காதீர்கள்.

சொந்தப் பாட்டையே விற்பதுதான் எல்லோரின் கனவு, கணக்கில் அதுவே கடினம். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பு. 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத பாட்டுக்கு 2024 முதல் ஒலிப்பதிவுக்கான வருமானப் பங்கு கிடையாது. கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15% எடுத்துக்கொள்ளும். அதனால் தொடக்கத்தில் நேரடி விற்பனையே மேல். இசை நிறுவனம் 100 ரூபாய் முன்பணம் கொடுத்து உங்கள் பங்கு 15% என்றால், 667 ரூபாய் வருவாய் வந்த பிறகே உங்கள் கைக்கு அடுத்த ரூபாய் வரும், ஏனெனில் முன்பணத்தை உங்கள் பங்கிலிருந்துதான் கழிப்பார்கள். பதிவுச் செலவையும் அதிலேயே சேர்த்தால் அந்த நாள் இன்னும் தள்ளிப்போகும். மாஸ்டர் உரிமை, அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை, எந்த ஆண்டில் உங்களிடம் திரும்பும் என்ற வரி ஒப்பந்தத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.