புலி பார்க்க முதுமலையா, மைசூரா, வண்டலூரா?

குன்னூர்க்காரர்களுக்குச் சிறுத்தை ஒன்றும் புதிதல்ல. போன வருடம் எங்கள் தெருவில் இரண்டு நாய்கள் காணாமல் போயின. மூன்றாவது வீட்டு சிசிடிவியில் அது வந்துபோன சில நொடிக் காட்சி எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. பார்த்தது என்னவோ கேட் ஓரமாக ஒரு நிழல், மின்னும் இரண்டு கண், அப்புறம் வால். என் அக்கா மகன் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, மூஞ்சியே தெரியலையே. மூஞ்சியப் பார்க்க எங்க போகணும்?"

சிறுத்தையோ, அதைவிடப் பெரிய புலியோ, மூஞ்சியைப் பார்க்க நீலகிரியிலிருந்து மூன்று இடங்களுக்குப் போகலாம். முதுமலை சஃபாரி, மைசூர் உயிரியல் பூங்கா, வண்டலூர். பக்கத்திலிருக்கும் கோயம்புத்தூர் வ.உ.சி. பூங்காவை விட்டுவிடலாம், அதன் அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022இல் ரத்து செய்துவிட்டது.

காசும் நேரமும் குறைவு என்று பார்த்தால் முதுமலைதான். ஊட்டி, கூடலூர் வழியாகத் தெப்பக்காடு போய்ச் சேர்ந்தால் வனத்துறை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் நாலு தடவை போயிருக்கிறேன். மான் எண்ணி மாளாது. காட்டுமாடு, யானை, மயில், ஒரு தடவை செந்நாய்க் கூட்டம்கூடப் பார்த்தேன். புலி? நாலு தடவையும் டிரைவர் ஒரே வசனம்தான் சொன்னார்: "காலைல இங்கதாங்க படுத்திருந்துச்சு." அவர் பொய் சொல்லவில்லை. ஒரு தடவை ஈர மண்ணில் கால் தடத்தைக் காட்டினார். என் உள்ளங்கையை விரித்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும் போலிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. 2022 கணக்கெடுப்பில் முதுமலையில் 114 புலிகள். காப்பகத்தின் பரப்பு 688 சதுர கிலோமீட்டர். ஆறு சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. நம்மை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி ஓடுவது அந்தக் காட்டின் ஒரு ஓரத்தில். அதுவும் உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும் காடு. பத்தடி தள்ளிப் புலி படுத்திருந்தாலும் தெரியாது. காட்டைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புகிறவருக்கு முதுமலை நிச்சயம் ஏமாற்றம் தராது. புலியைக் காட்டுகிறேன் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் திரும்பும் வழியெல்லாம் அழுகைதான். கோடையில் காட்டுத்தீ பயத்தில் சஃபாரியை நிறுத்தி வைப்பதும் உண்டு. கேட்டுக்கொண்டு போவது நல்லது.

மைசூர் போகிற ரோடும் இதே காட்டின் நடுவில்தான் போகிறது. தெப்பக்காடு தாண்டினால் பந்திப்பூர். அது 1973இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட ஒன்பது காடுகளில் ஒன்று. சஃபாரி டிக்கெட் எடுக்காமலே பஸ் ஜன்னலில் யானையும் மானும் கிடைத்துவிடும். முதுமலையைவிட்டு மைசூர் போவதாக நினைக்க வேண்டாம். முதுமலை வழியாகத்தான் மைசூர் போகிறோம். ஆடி மாதவாக்கில் போனால் குண்டல்பேட்டை பக்கம் சூரியகாந்திப் பூவும் கூடுதல்.

இனி பூங்கா. 1892இல் மகாராஜா சாமராஜேந்திர உடையார் ஆரம்பித்தது, 157 ஏக்கர். காலை எட்டரைக்குத் திறக்கும்போதே நுழைந்துவிடுங்கள் என்பேன். அதற்கு முதல் நாளே போய் ராத்திரி மைசூரில் தங்க வேண்டும். தங்காமல் போனால் பதினொரு மணி வெயிலில் போய் நிற்பீர்கள். பூனைக் குடும்பம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். சிங்கம் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் வரைக்கும் படுத்தே கிடக்கிற ஜீவன். டிக்கெட் வாங்கியவர் வந்திருக்கிறார் என்று அது எழுந்து உட்காராது.

போன டிசம்பரில் நாங்கள் நுழைந்தபோது புலி நடந்துகொண்டிருந்தது. நடுவில் அகழி, இந்தப் பக்கம் நாங்கள். சுவரோரமாகப் போய், ஒரு மரத்தடியில் திரும்பி, அதே வழியில் வந்தது. அது நடந்த இடத்தில் மட்டும் புல் இல்லை, ஒற்றையடிப் பாதை மாதிரி மண் தெரிந்தது. அந்தத் தடத்தைப் பார்த்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காட்டுப் புலிக்கு ஒரு ராத்திரி நடைகூட எத்தனையோ கிலோமீட்டர், இதற்கு இவ்வளவுதான். அப்புறம் அது நின்றது, பின்பக்கத்தைத் திருப்பி ஒரு புதர்மேல் பீய்ச்சியது. கொஞ்ச நேரத்தில் காற்றில் மணம் வந்தது. "மாமா, சோறு வடிக்கிற வாசம்" என்றான் பையன். சரியாகத்தான் சொன்னான். பாசுமதி அரிசிக்கு மணம் தருகிற அதே பொருள் புலி எல்லை குறிக்கும் நீரிலும் இருக்கிறது. முதுமலை வண்டியில் நாலு தடவை உட்கார்ந்தும் எனக்குக் கிடைக்காத விஷயம் அது. பக்கத்தில் ஒருவர் விசிலடித்துக்கொண்டே இருந்தார். புலி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மைசூரை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம், புள்ளிக் குழப்பம் அங்கே தீர்ந்துவிடும். நம் ஊரில் பேப்பரிலேயே சிறுத்தை, சிறுத்தைப்புலி, சிவிங்கிப்புலி எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. நம் தேயிலைக் காட்டில் திரிவது சிறுத்தை. அதன் புள்ளி இதழ் அடுக்கியதுபோல வளையம் வளையமாக இருக்கும். ஜாகுவாருக்கு அதே வளையத்துக்கு உள்ளே இன்னொரு பொட்டு. சிவிங்கிப்புலிக்கு, அதாவது சீட்டாவுக்கு, வளையமே இல்லை, மை தொட்டு வைத்ததுபோல முழுப் பொட்டு. கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு. இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவித்த மிருகம் அது; மைசூருக்கு 2020இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. கோத்தகிரிப் பக்கம் கேமராவில் அடிக்கடி மாட்டுகிற கருஞ்சிறுத்தையும் தனிச் சாதியல்ல, கறுப்பு ஏறிய சிறுத்தைதான். நல்ல வெயிலில் உற்றுப் பார்த்தால் அதன் தோலிலும் வளையம் தெரியும்.

ஆனால் அங்கே போய் நம்ம ஊர்ப் புலியைத் தேடாதீர்கள். 2021 அக்டோபரில் மூன்று வாரம் தேடி, மசினகுடிப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்த டி23 புலியை மைசூருக்குத்தான் கொண்டுபோனார்கள். போனது கூர்கள்ளியில் உள்ள மீட்பு மையத்துக்கு. அங்கே பார்வையாளர்களை விடுவதில்லை.

மைசூரின் தொல்லை திரும்பி வருவதில் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குக் காட்டு ரோட்டை மூடிவிடுவார்கள், காலை ஆறுக்குத்தான் திறப்பு. ஒரு தடவை நஞ்சன்கூட்டில் சாப்பாட்டுக்கு நிறுத்தி, பேச்சு நீண்டு, செக்போஸ்ட்டைப் பத்து நிமிடத்தில் கோட்டைவிட்டோம். குண்டல்பேட்டையில் ஒரு லாட்ஜில் விடிய விடியக் கொசு அடித்த கதையை அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். மைசூரை நாலு மணிக்கெல்லாம் விட்டுவிடுங்கள்.

வண்டலூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய இடம் என்றால் அதுதான், 602 ஹெக்டேர். 1855இல் மெட்ராஸ் நகருக்குள் தொடங்கிய பூங்கா, 1985இல் இங்கே வந்தது. புலிக்கு மைசூரைவிடத் தாராளமான இடம், மரமும் அதிகம். அதனாலேயே அது ஒளிந்துகொள்ளவும் வசதி. வெள்ளைப்புலியைப் பார்க்க நல்ல கூட்டம் நிற்கும். அதுவும் தனி இனமல்ல. 1951இல் ரேவா காட்டில் பிடித்த மோகன் என்ற ஒற்றைக் குட்டியின் வம்சம்தான் உலகமெங்கும் கூண்டுகளில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு மின்சார ரயில் பிடித்தால் வண்டலூர். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எப்படியும் சென்னை போகிறவர்கள் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாம். புலிக்காக மட்டும் மலையிறங்கி அவ்வளவு தூரம் போவது எனக்குச் சரிப்படவில்லை. ஸ்வெட்டர் போட்டே வளர்ந்த எங்களுக்கு அந்தப் புழுக்கத்தில் பத்து மணிக்குமேல் பார்க்க வேண்டியது புலியா, இளநீர்க் கடையா என்ற சந்தேகம் வந்துவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: மைசூருக்கும் வண்டலூருக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் நாங்கள் முதல் தடவை மைசூர் போய் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. பூட்டிய கேட்டுக்கு வெளியே பையன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது உள்ளே எங்கோ சிங்கம் கத்தியது. ஒரு முறை இல்லை, விட்டு விட்டு ஏழெட்டு முறை. கேட் கம்பியைப் பிடித்திருந்த கையை அவன் சட்டென்று எடுத்துவிட்டான்.