இடி முழங்கும்போது எதை வாசிப்பது? மேடைக்கும் வீட்டுக்குமான ஓர் ஒப்பீடு

கந்தசஷ்டி நாளொன்றில், இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் இசைக்குழு மேடை ஏற நின்றபோது வானம் கறுத்தது. தூரத்தில் மின்னியது. மேடைக்குப் பின்னால் நான்கு யோசனைகள் வந்தன. கிற்றார் வாசிக்கும் தம்பி, மின்னெழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் பொருத்திய தன் எக்ஸ்டென்ஷன் கோட்டைத் தூக்கிக் காட்டினான். "லைன் கரண்டை விட்டுவிடுவோம் அண்ணை, ஜெனரேட்டரில் ஓடினால் மின்னல் ஒன்றும் செய்யாது" என்றார் ஒலிபெருக்கிக்காரர். ஓர்கனுக்கு, அதாவது கீபோர்டுக்கு, பற்றரி போடலாம் என்றேன் நான். முள்ளியவளையிலிருந்து வந்திருந்த, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒன்றும் சொல்லாமல் மத்தளத்தை உறையிலிருந்து எடுத்தார்.

இந்த நான்கையும் எடைபோட எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. இது கருவியைக் காக்கிறதா, வாசிப்பவரைக் காக்கிறதா? இரண்டும் ஒன்றென்று நினைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

மின்கிற்றாரின் தந்திகள், அவற்றைத் தாங்கும் உலோகப் பாலத்தின் வழியாக அம்பிளிபயரின் புவிக்கம்பியோடு (எர்த்) இணைக்கப்பட்டிருக்கும். இரைச்சலைக் குறைப்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. ஆகவே தந்தியில் விரல் வைத்தவர், கட்டடத்தின் மின்சுற்றைக் கையில் பிடித்திருப்பவர். ஒலிவாங்கியின் கம்பிவலையும் அப்படியே. ஒரு கை கிற்றாரிலும் உதடு ஒலிவாங்கியிலும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே உடலே பாலமாகிவிடுகிறது. 1972இல் பிரித்தானியாவின் சுவான்சியில் மேடையிலேயே இறந்த கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி, புவி இணைப்புச் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டவர். அங்கே மின்னல் இல்லை, சாதாரண வீட்டு மின்சாரம்தான். மின்னலோ சராசரியாக 30,000 ஆம்பியர் அளவில் பாய்வது.

இனித் தம்பியின் எக்ஸ்டென்ஷன் கோட். நல்ல பொருள்தான், வாங்கி வையுங்கள். எங்கோ தொலைவில் மின்கம்பியில் மின்னல் இறங்கி, அதனால் எழும் திடீர் அழுத்தத்தை அது உறிஞ்சிப் புவிக்கு அனுப்பும். ஆனால் அனுப்புவதற்குப் புவி வேண்டும். மூன்று முள் செருகியை இரண்டு முள் அடப்டரில் மாட்டினால், அல்லது புவித்தண்டு கோடையில் காய்ந்த மண்ணில் பெயருக்கு நின்றால், அதன் வேலை பாதியும் நடக்காது. அருகில் நேரடியாக விழும் இடியை எந்தக் காப்பும் தாங்காது. என் வீட்டில் ஒரு ஐப்பசி மாலை ஓர்கனின் அடப்டர் கருகியது. சர்ஜ் புரொடெக்டரின் பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அன்று நான் வாசித்துக்கொண்டிருக்கவில்லை.

"ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்பவர்களும் உண்டு. வீட்டு மின்கசிவிலிருந்து உயிர் காப்பது அது, கட்டாயம் வேண்டும். ஆனால் அது விழ மில்லி செக்கன்கள் எடுக்கும். மின்னல் மைக்ரோ செக்கன்களில் வேலையை முடித்துவிடும். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு இருப்பதும் போதாது. பல கிலோமீற்றர் காற்றைக் கிழித்து வந்தது, சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீற்றர் இடைவெளிக்கா நிற்கும்? செருகியைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். அதையும் இடி நெருங்குமுன் செய்ய வேண்டும், தலைக்கு மேல் முழங்கும்போது அல்ல.

நான்கில் எனக்கு மிகவும் அச்சம் தருவது ஜெனரேட்டர் யோசனைதான், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. வீதிக் கம்பிவழி வரும் அழுத்தம் உள்ளே வராது என்பது சரி. ஆனால் எங்கள் ஊர் மேடையை நினைத்துப் பாருங்கள். குழாய் ஒலிபெருக்கியைப் பனையில் ஏற்றிக் கட்டியிருப்போம். அங்கிருந்து கம்பி ஈர நிலத்தில் ஊர்ந்து அம்பிளிபயருக்கு வரும், அங்கிருந்து பாடகரின் உதட்டுக்கு. வயல்வெளியில் மின்னல் முதலில் தேடுவது அந்தப் பனையைத்தான். லைன் கரண்டை வெட்டிவிட்டோம் என்ற நிம்மதியில், அதைவிட உயரமான வழியொன்றை நாமே கட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் இடி விழுந்தால் நிலமே மின்னேறும், கிடக்கும் கம்பிகளும் அதில் சேரும்.

பற்றரியில் எனக்கு நம்பிக்கை உண்டு. நீண்ட காலம் வன்னிக்கு லைன் கரண்ட் இல்லாதிருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். சிறிய ஓர்கன் பலவும் ஆறு பென்டோர்ச் பற்றரியில், 9 வோல்ட்டில் பாடும். சுவரோடு தொடர்பே இல்லை என்பதால் வீட்டுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதிலிருந்து ஒரேயொரு ஒலிக்கம்பி மின்சாரத்தில் ஓடும் மிக்சருக்குப் போனாலும், போட்ட பற்றரி வீண். சார்ஜில் கிடக்கும் கைபேசியோடு கம்பி போட்டு இணைப்பதும் அதேதான். கம்பியில்லா ஒலிவாங்கி அந்தப் பாதையை அறுக்கிறது, வசதியுள்ளவர்கள் வாங்கலாம். இருந்தாலும் இவை எல்லாம் கொங்கிரீட் கட்டடத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். திறந்த மேடையில் பற்றரி வாசிப்பவரையும் மின்னல் அடிக்கும்.

மத்தளத்துக்கும் அதே நிபந்தனை. கம்பி இல்லை, கரண்ட் இல்லை, சல்லாரித் தாளம் சேர்ந்தால் இரவு முழுக்கக் கூத்தே ஆடலாம். ஆனால் தகரப் பந்தலும் ஓலைக் கொட்டிலும் மின்னலுக்கு ஒதுங்கும் இடங்கள் அல்ல. வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கை விடும்போதெல்லாம் வயல் போன்ற வெளிகளைத் தவிர்க்கச் சொல்கிறது, உழவு இயந்திரத்தில் போகாதீர்கள் என்கிறது, இணைப்பிலுள்ள மின்சாதனங்களைத் தொடாதீர்கள் என்கிறது. மேடை இந்த மூன்றில் இரண்டோடு பொருந்துகிறது.

யாரும் பேசாத சிக்கல் ஒன்று உண்டு. நாங்கள் வாசிக்கும்போது எங்களுக்கு இடி கேட்பதில்லை. பேஸும் ட்ரம்ஸும் போடும் முழக்கத்தில் மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் விழுந்தது தெரியவே தெரியாது. ஆகவே மேடையை விட்டு விலகி ஒருவரைக் கட்டடத்துக்குள் ஜன்னலோரம் வானம் பார்க்க வைக்க வேண்டும் என்று இப்போது பிடிவாதமாகச் சொல்கிறேன். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது, எல்லாவற்றையும் கழற்ற வேண்டிய நேரம். மழை தொடங்கவில்லையே என்று காத்திருக்கக் கூடாது, மழைக்கு வெகுதூரம் முன்னாலும் மின்னல் விழும்.

யாருக்காவது அடிபட்டுவிட்டால் தொடப் பயப்படாதீர்கள். அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர் 1990 அம்புலன்சுக்கு அழைக்கட்டும்.

அன்று நாங்கள் செருகிகளைக் கழற்றி, ஒலிபெருக்கிக் கம்பியையும் அம்பிளிபயரிலிருந்து பிரித்துவிட்டு, சனங்களோடு பக்கத்துப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் போனோம். ஒலிபெருக்கிக்காரருக்கு மனமில்லை, நேரம் போகிறதே என்றார். கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் என்று பேச்சு. இருபதாவது நிமிடத்தில் ஒருமுறை முழங்கியது, மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். வகுப்பறைக்குள் அண்ணாவியார் மத்தளம் தட்ட, பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். ஒன்பதரைக்கு மேடை ஏறியபோது பாதிச் சனம் அவரை இன்னொரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது.